கப்டன் என்ற சொல்

உ
இக்காஸ்ட்
09.02.2025

அன்புள்ள நிதுஷனுக்கு சித்தி தவமணி எழுதிக்கொள்வது. இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை, மற்றும்படி குறையொன்றுமில்லை. இந்தக் குளிருக்கு உன் தோள்மூட்டு எப்படி?

கடிதத்தைக் கண்டு பயப்படாதே. ஒருவரும் சாகவில்லை. எங்கள் பிள்ளை யதுவுக்குப் புதிதாக ஒரு எர்கோவை கொம்யூனில், நகரசபையில், இருந்து அனுப்பியிருக்கிறார்கள். எமிலியா என்று பெயர். கை பழக்குவது, நாளை ஒழுங்குபடுத்தப் பழக்குவது, நினைவு பழக்குவது எல்லாம் அவளுடைய வேலை. நல்ல பிள்ளை. என் கோப்பியைக் குடித்துவிட்டு நல்லாயிருக்கிறது என்று பொய் சொல்லுவாள்.

தலையில் அடிபட்டு ஆறு வருசமாகப் போகிறது. இங்கிலாந்தில் உங்கள் வீட்டில் இருந்து விளையாடிய பதினைந்து மாதமும் யதுவிடம் இன்னும் இல்லை. இக்காஸ்ட்டில் ஹேண்ட்போல் விளையாடியது முழுவதும் நினைவிருக்கிறது. எந்த வருசம் யாரோடு எத்தனை கோலால் தோற்றது என்றும் சொல்வான். பிளேன் ஏறினது தெரியும், அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில். இடையில் ஒன்றுமில்லை. அப்போது கூட இருந்த ஒருவர் நடந்ததை ஒழுங்காக எழுதித் தந்தால் கோப்பில் போட்டு வாசிக்கலாம் என்கிறாள் எமிலியா. நினைவு திரும்பாவிட்டாலும் தெரிந்தாவது இருக்கும்.

கூட இருந்தவன் நீ. அங்கே ரக்பியைப் பழக்கினவன் நீ. அந்தக் குழுவின் கப்டனும் நீ. உன்னுடைய விளையாட்டுக் காலத்தை முதலில் இருந்து எழுது. அவன் வந்தது நடுவில் வரட்டும். திரையைப் பார்த்தால் கால் மணித்தியாலத்தில் அவனுக்குத் தலையிடி. ஆகவே வட்ஸப் வேண்டாம். தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எழுது. நான் வாசித்துக் காட்டுவேன். தமிழ் எழுத வராது என்று மட்டும் சொல்லாதே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உனக்கு ஆறு வருசம் படிப்பித்தவள் நான்.

நீ ஒக்டோபரிலேயே டென்மார்க்குக்குத் திரும்பி ஓகூஸுக்கு வந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னா. ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம். கனடாவில் இருந்து மாமா ஆட்கள் அதற்குள் இரண்டு தடவை வந்து போய்விட்டார்கள். சரி, புது வேலை, லீவு கிடைத்திருக்காது.

சித்தப்பா சுகம் விசாரித்தார்.

அன்புடன்,
சித்தி


ஓகூஸ்
02.03.2025

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். தோள்மூட்டு மழைக்கு முதல் நாளே சொல்லிவிடும், மற்றும்படி பரவாயில்லை. உங்களுக்கு இரத்த அழுத்தம் குறைந்ததா? சித்தப்பாவின் முதுகு எப்படி? இன்னும் இரவு ஷிப்ட்டுக்குத்தான் போகிறாரா?

எனக்கு வேலை துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில். பாரம் தூக்கும் ட்ரக் ஓட்டுகிறேன். நான் என்னவாக இருந்தேன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ரக்பி லீக் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. அது வசதியாக இருக்கிறது.

கேட்டபடி எழுதுகிறேன். எனக்குப் பதினாலு வயதில், 2006இல், அப்பா எங்களை இங்கிலாந்தின் வடக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். டெனிஷில் படித்துப் பிள்ளைகள் என்னாகப் போகிறார்கள் என்று அந்த நாட்களில் டென்மார்க்கில் இருந்து பல குடும்பங்கள் போயின. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஓடவில்லை. ஆனால் ஆள் பெரியவன். பள்ளி மாஸ்டர் பந்தைத் தந்து, நேரே ஓடு என்றார். அது விளங்கியது.

விளையாட்டு இப்படி: ஒரு பக்கம் பதின்மூன்று பேர். பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது, பின்னால்தான் எறியலாம். பிடித்து விழுத்தினால் எழும்பி, குதிக்காலால் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஆறு தடவை விழுந்தால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்தால் அது ட்ரை, நாலு புள்ளி. நான் முன்வரிசைக்காரன். என் வேலை ட்ரை வைப்பது அல்ல. மூன்று பேர் என்னை விழுத்துமட்டும் முன்னால் போவது.

பத்தொன்பது வயதில் நகரக் கழகம் என்னை எடுத்தது. இரண்டாந்தரப் பிரிவு. காலையில் தரைவிரிப்புக் கடையில் வேலை, பின்னேரம் பயிற்சி. 2011இல் முதல் மட்ச். மாற்று ஆளாக, பதினேழாம் இலக்கம் போட்டுக்கொண்டு மைதானத்தில் இரங்கினேன். ஒன்பது நிமிடம் நின்றேன். மூக்கு உடைந்தது. அப்பா மேலே இருந்து பார்த்துவிட்டு, "இதுக்கோ உன்னை இங்க கொண்டுவந்தனான்?" என்று கேட்டார். ஆனால் அடுத்த கிழமையும் வந்தார்.

மூன்று வருசத்தில் முழுநேரம் ஆனேன். 2017இல் கப்டன்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். சித்தப்பாவுக்கு என் அன்பு.

நிதுஷன்


உ
இக்காஸ்ட்
16.03.2025

அன்புள்ள நிதுஷனுக்கு சித்தி எழுதிக்கொள்வது. அழுத்தம் குளிசையில் நிற்கிறது. சித்தப்பா பகல் ஷிப்ட்டுக்கு மாறிவிட்டார். உன் மூக்கு நேராகிவிட்டதா?

கடிதத்தை யதுவுக்கு மூன்று நாளாகப் பிரித்து வாசித்தேன். அவனுக்குச் சிரிப்பு. "இதுக்கோ உன்னை இங்க கொண்டுவந்தனான்" என்பதை உன் அப்பாவின் குரலில் சொல்லிச் சொல்லித் திரிந்தான். பெரியப்பாவின் குரலை அவன் மறக்கவில்லை, பார். எமிலியா கோப்பில் முதலாவதாக வைத்திருக்கிறாள்.

ஒரு பிழை. மைதானத்தில் 'இரங்கினேன்' என்று எழுதியிருக்கிறாய். அது இரக்கப்பட்டேன் என்று பொருள். கீழே போவது 'இறங்கினேன்', பெரிய 'ற'. மூன்றாம் வகுப்பிலும் இதே பிழைதான் விட்டாய். இடது ஓரத்தில் சிவப்புப் பேனையால் போட்டுக் காட்டினேன். அதற்கும் யது சிரித்தான்: "அம்மா, அண்ணைக்கு இப்ப முப்பத்திரண்டு வயசு, விடுங்கோ."

நீ எழுதியது சரியாக அவன் வருவதற்கு முன்னால் நிற்கிறது. அடுத்ததைச் சீக்கிரம் எழுது. கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
சித்தி


ஓகூஸ்
27.04.2025

அன்புள்ள சித்தி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். களஞ்சியத்தில் ஆள் குறைவு. உங்கள் இருவருக்கும் சுகம்தானே? தோட்டத்தில் கீரை போடத் தொடங்கிவிட்டீர்களா?

2018 பெப்ரவரி. விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். யது ஒரு கைப்பையும், ஹேண்ட்போல் சப்பாத்தும், நீங்கள் தந்துவிட்ட இரண்டு கிலோ மிளகாய்த்தூளும் கொண்டு வந்தான். தூள் காரில் கொட்டிவிட்டது. அந்தக் காரை விற்குமட்டும் ஏறினவர்கள் எல்லாரும் தும்மினார்கள்.

மூன்றாம் நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். சும்மா பார்க்கத்தான். பந்தை ஒருத்தர் தவறுதலாக உதைக்க, இவன் வேலிக்கு வெளியே நின்று ஒரு கையால் பிடித்தான். ஹேண்ட்போல் கை. பயிற்சியாளர் "யாரது?" என்று கேட்டார். "என் தம்பி" என்றேன். ஓடவிட்டுப் பார்த்தார்கள். எங்களில் ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. ஆறு மாதத்தில் ஓரத்தில், விங் இடத்தில், முதற்குழுவுக்கு வந்துவிட்டான்.

நாங்கள் இரண்டு பேரும் மைதானத்தில் தமிழில்தான் கதைத்தோம். எதிர்ப்பக்கத்துக்கு விளங்காது. நேரே போவதற்குப் 'புட்டு'. சுற்றிக்கொண்டு வந்து பந்து எடுப்பதற்கு 'இடியப்பம்'. உதைப்பதற்குச் 'சம்பல்'. பிறகு குழு முழுவதும் பிடித்துக்கொண்டது. நூற்றுப் பத்துக் கிலோ வெள்ளைக்காரர்கள் மழைக்குள் நின்று "சம்பல்! சம்பல்!" என்று கத்துவார்கள். உள்ளூர்ப் பேப்பரில் படத்தோடு போட்டார்கள். எங்கள் உடற்சிகிச்சையாளர் ஸ்ரெபானி, விழுந்தவருக்குத் தண்ணீரும் பஞ்சும் கொண்டு ஓடி வருபவர், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு எழுதி வைத்திருந்தார். அந்த வருசம் யது பதினாறு ட்ரை வைத்தான். நான் பதின்மூன்று வருசத்தில் வைத்தது பத்தொன்பது.

அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன்னும் விளையாடவில்லை, பின்னும் விளையாடவில்லை.

சித்தப்பாவிடம் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நிதுஷன்


உ
இக்காஸ்ட்
11.05.2025

அன்புள்ள நிதுஷனுக்கு சித்தி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். கீரை முளைத்திருக்கிறது, நத்தைகள் தின்றது போக மிச்சம் எங்களுக்கு.

சம்பல் என்று வெள்ளைக்காரர் கத்தியதை யது ஏழு தடவை வாசிக்கச் சொன்னான். நினைவு வரவில்லை. ஆனால் "நான் பதினாறு வச்சனானோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். அன்றைக்கு முழுவதும் முகம் வேறு மாதிரி இருந்தது. அதற்காக உனக்கு நன்றி.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவன் களைத்துப்போனால், பின்னேரங்களில், ஒரே வசனத்தைச் சொல்வான். "அம்மா வந்திட்டாவோ? வாசல்ல நிக்கச் சொல்லு, சப்பாத்து மாத்திப்போட்டு வாறன்." நான் முன்னால் இருக்கும்போதே சொல்வான். ஹேண்ட்போல் முடிந்து விளையாட்டு ஹோல் வாசலில் நான் காத்து நின்ற காலத்துக் கதை அது. ஆனால் யாரிடம் சொல்கிறான் என்றுதான் தெரியவில்லை. 'சொல்லு' என்கிறான். நானில்லாத வேறு யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி. ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளில் இருந்து இது இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தபோதும் இப்படிச் சொல்வானா?

நாளைக்கு ஆறு வருசம். அந்த மட்ச்சையும் எழுது. எமிலியா, அதை விட்டுவிடக்கூடாது என்கிறாள். முதல் அடி விழுந்த பிறகு அவனே அடம்பிடித்துத் திரும்ப விளையாடினான் என்று கழகம் எழுதியிருந்தது. அவனும் அதை நம்பிக்கொண்டு, "நான்தானே கேட்டு வாங்கினனான், உங்களுக்கெல்லாம் கரைச்சல்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு அதைக் கேட்க ஏலாது. அவன் பிள்ளை. அடம் பிடித்தாலும் அவள், அந்த ஸ்ரெபானி, விட்டிருக்கக்கூடாது. அவளை நான் ஒரு நாளும் மன்னிக்க மாட்டேன்.

எழுதுவது கஷ்டமென்றால் வந்து சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிறோம்.

அன்புடன்,
சித்தி


ஓகூஸ்
29.06.2025

அன்புள்ள சித்தி,

நான் சுகம். உங்கள் சுகமும் சித்தப்பாவின் சுகமும் அப்படியே இருக்கட்டும். வெயில் காலம் வந்தது சித்தப்பாவின் முதுகுக்கு நல்லது.

2020இல் கொரோனா, விளையாட்டு இல்லை. 2021இல் வேறொரு கழகத்துக்கு மாறினேன். அங்கே மூன்று வருசம். பிறகு மூன்றாந்தரப் பிரிவில் ஒரு சின்னக் கழகத்தில் ஒரு வருசம். மொத்தம் 214 மட்ச். மூக்கு இரண்டு தடவை, விரல் மூன்று, தோள்மூட்டில் இரண்டு சத்திரசிகிச்சை. 2024 ஓகஸ்ட்டில் கடைசி மட்ச். முடிந்ததும் கழகம் ஒரு கண்ணாடிக் கிண்ணம் தந்தது. பேர் 'நித்யுசன்' என்று பொறித்திருந்தார்கள். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

என் தெருமுனையில் இருந்த சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைப் போடுவதற்கு ரயில் நிலையம் வரை போக வேண்டும். அதுதான் தாமதம்.

அன்புடன்,
நிதுஷன்


உ
இக்காஸ்ட்
17.08.2025

அன்புள்ள நிதுஷனுக்கு சித்தி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்ப வாசித்தேன். பழைய வாத்தி, அது ஒரு பழக்கம். என் அழுத்தத்தைக் கேட்கிறாய், சித்தப்பாவின் முதுகைக் கேட்கிறாய், கீரையைக்கூடக் கேட்டிருக்கிறாய். யது எப்படி என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் நெஞ்சில் பாரம் இருக்கும். கண்ணுக்கு முன்னால் நடந்தது அல்லவா. ஒருவேளை அதனால்தான் 2018இல் இருந்து 2020க்குப் பாய்ந்துவிட்டாய்.

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். இடது கை அரைவாசி. காலையில் இரண்டு மணித்தியாலம் தொழிற்கூடத்துக்குப் போகிறான், குருவிக் கூடு செய்கிறார்கள். பத்து மணிக்குக் களைத்துவிடுவான். மத்தியானம் இருட்டறையில் படுக்க வேண்டும். பால் வாங்க அனுப்பினால் சில நாள் பாலோடு வருவான், சில நாள் சித்தப்பா தேடிப் போவார். இருபத்தெட்டு வயது.

இப்போது ஒரு காரியம். ஸ்ரெபானியிடம் இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஒரு பக்கம், இங்கிலீஷ், கையெழுத்து. என் இங்கிலீஷ் கடைக்குப் போகக் காணும், இதற்குக் காணாது. வெளி ஆட்களிடம் காட்ட விருப்பமில்லை, யதுவுக்கும் சொல்லவில்லை. நூலகத்தில் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ தமிழில் எழுதி அனுப்பு. பிறகு நான் பதில் தமிழில் எழுதுவேன். அதை நீ இங்கிலீஷில் எழுத வேண்டும். மென்மையாக்காமல் எழுத வேண்டும். அவளுக்கு உறைக்கிற மாதிரி எழுத வேண்டும்.

அன்புடன்,
சித்தி


ஓகூஸ்
14.09.2025

அன்புள்ள சித்தி,

நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். யது குருவிக் கூடு செய்வது கேட்டுச் சந்தோசம்.

கடிதத்தின் தமிழ் இது:

"திருமதி தவமணி அவர்களுக்கு. உங்கள் மகன் விளையாடிய கழகத்தில் உடற்சிகிச்சையாளராக இருந்தவள் நான். ஆறு வருசமாக இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். அன்று மைதானத்தில் அவரைப் பரிசோதித்தது நான். அவர் தொடர்ந்து விளையாடலாம் என்று கை காட்டியதும் நான். அவரை வெளியே எடுத்திருக்க வேண்டும். அதன் பிறகு நான் எந்தக் கழகத்திலும் வேலை செய்யவில்லை. இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. யதுர்சன் எப்படி இருக்கிறார் என்று அறிய மட்டும் விரும்புகிறேன். ஸ்ரெபானி."

அவ்வளவுதான். பதில் எழுதத்தான் வேண்டுமா, சித்தி? விட்டுவிடலாமே.

அன்புடன்,
நிதுஷன்


உ
இக்காஸ்ட்
28.09.2025

அன்புள்ள நிதுஷனுக்கு சித்தி எழுதிக்கொள்வது. சுகம்.

உன் தமிழையும் அவளுடைய இங்கிலீஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிழை பிடிக்க அல்ல. அவளுடைய கையெழுத்தை விளங்கிக்கொள்ளத்தான். நீ எழுதியது நல்ல தமிழ். றகரப் பிழைகூட இல்லை.

ஆனால் அவளுடைய கடிதத்தின் நடுவில் 'கப்டன்' என்று இரண்டு தடவை வருகிறது. டெனிஷிலும் ஏறக்குறைய அதே எழுத்துத்தான், எனக்கு வாசிக்கத் தெரியும். உன் தமிழில் அந்தச் சொல் இல்லை.

அது எங்கே போனது?

சித்தி


உ
இக்காஸ்ட்
02.11.2025

நிதுஷனுக்கு,

ஐந்து கிழமை ஆகிவிட்டது. அந்தக் கடிதத்தை நான் எமிலியாவிடம் கொடுத்தால் அவள் ஐந்து நிமிடத்தில் டெனிஷில் சொல்லிவிடுவாள். இன்னும் கொடுக்கவில்லை. உன்னிடம் இருந்து வருவதற்காகக் காத்திருக்கிறேன்.

சித்தி


ஓகூஸ்
23.11.2025

சித்தி,

விடுபட்ட வரிகள் இவை: "அவர் உங்கள் மொழியில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கப்டனிடம் கேட்டேன். கப்டன் சொன்னதை நம்பினேன். உங்கள் மகனையே நான் ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். அது என் பிழை."

அந்த மட்ச்சை எழுதுகிறேன். 12.05.2019, ஞாயிற்றுக்கிழமை. மழை இல்லை. அறுபத்தோராவது நிமிடம். இரண்டு புள்ளியால் முன்னால் நின்றோம். ஏற்கனவே ஒருத்தன் தொடை பிடித்து வெளியே போயிருந்தான். ஓரத்தில் ஓடுவதற்கு யதுவை விட்டால் ஆளில்லை. அவன் ஒருவனைக் கீழே பிடிக்கப் போய், அந்த ஆளின் முழங்கால் யதுவின் நெற்றியில் பட்டது. விழுந்தான். தானாக எழும்பி இருந்தான். ஸ்ரெபானி ஓடி வந்தார். நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன்.

அடிபட்டவரிடம் சில கேள்விகள் கேட்பார்கள். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாக ட்ரை வைத்தது யார். ஸ்ரெபானி அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். யது அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணை, அம்மா வந்திட்டாவோ? வாசல்ல நிக்கச் சொல்லு, சப்பாத்து மாத்திப்போட்டு வாறன்."

அவன் யாரிடம் சொல்கிறான் என்று மே மாதம் கேட்டீர்கள். என்னிடம்தான்.

ஸ்ரெபானிக்கு நாங்கள் தமிழில் கதைப்பது பழக்கம். புட்டு, சம்பல் மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்தார். சிரித்துக்கொண்டுதான் "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். நான் யது சொன்னதை அவருக்குப் பிழையாக மொழிபெயர்த்தேன். "கடைசியாக ட்ரை வைத்தது ஆறாம் இலக்கம் என்கிறான். இரண்டு புள்ளி முன்னால் நிற்கிறோமாம், நேரத்தை வீணாக்க வேண்டாமாம்" என்றேன். அவர் கை காட்டினார்.

அவனுக்கு எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை என்பது எனக்கு விளங்கியது, சித்தி. விளங்காமல் சொல்லவில்லை. ஏழு நிமிடத்துக்கு அவனை மறுபடி இறக்கினேன். இந்த 'ற' பிழையில்லை. "புட்டு" என்று கத்தினேன். அவன் நேரே ஓடினான். அதற்குத் தலை தேவையில்லை, அவ்வளவு பழகியிருந்தான். இரண்டு பேர் ஒன்றாகப் பிடித்தார்கள். பிறகு அவன் எழும்பவில்லை. மட்ச்சில் வென்றோம்.

பிறகு கழகம் வைத்த விசாரணையில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் சத்தம் இல்லை. அவன் என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டார்கள். சனம் கத்தியதில் கேட்கவில்லை என்றேன். அவன் அடம்பிடித்தானா என்று கேட்டார்கள். "அவன் எப்போதும் விளையாட விருப்பமுள்ளவன்" என்றேன். அதைத்தான் கழகம் உங்களுக்கு எழுதியது. ஸ்ரெபானி என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கப்டனைப் பற்றி அவர் அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நான் ஐந்து வருசம் விளையாடினேன்.

ஒன்றேகால் மணித்தியாலம்தான் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை ரயில் ஏறினேன். இரண்டு தடவை நடுவழியில், சில்கபோவில், இறங்கித் திரும்பினேன். ஒரு தடவை இக்காஸ்ட் நிலையம் வரை வந்து, எதிர்ப்பக்க ரயில் வருமட்டும் மேடையில் நின்றேன். யது எப்படி என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. பதில் எனக்குத் தெரிந்ததுதானே.

இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். தான் கேட்டு வாங்கியது என்று அவன் இனிமேல் சொல்லக்கூடாது.

நிதுஷன்


இக்காஸ்ட்
14.12.2025

நிதுஷன்,

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கோப்பில் வைக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு மேல் அதை அரிசி வாளிக்குள் வைத்திருந்தேன். சித்தப்பாவுக்குப் போன ஞாயிறு சொன்னேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார், இருட்டின பிறகு வந்தார். உன் பேரை இன்னும் எடுக்கவில்லை. ஒக்டோபரில் நான் அவளுக்கு எழுதி வைத்த மறுமொழியை எடுத்துப் பார்த்தேன். ஒரு தாய் எழுதக்கூடாத சொல்லெல்லாம் அதில் இருந்தது. அதை நீதான் இங்கிலீஷில் எழுதியிருப்பாய். கிழித்துவிட்டேன். ஆறு வருசமாக அவளைத் திட்டினது எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தையும் நீதான் எனக்குத் தந்தாய்.

முதலில் ஸ்ரெபானிக்கு எழுது. எனக்கு எழுதியதை அப்படியே எழுது. எனக்கு ஒரு பிரதி வேண்டும். கப்டன் என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவேன்.

இரண்டாவது, யதுவுக்கு நான் வாசித்துக் காட்ட மாட்டேன். அவன் சொன்னதை ஒரு தடவை வேறொரு வாய் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது. நீயே வந்து வாசி. நேற்றும் அவன், "அண்ணை அடுத்தது எப்ப எழுதுவார்?" என்று கேட்டான். அதற்கு நீ பதில் சொல். பத்து மணிக்கு முன்னால் வா, பிறகு அவனுக்குக் கேட்டது நிற்காது. மெதுவாக வாசி. திரும்பக் கேட்டால் திரும்ப வாசி. அடுத்த நாள் மறந்துவிட்டு மறுபடி கேட்டால் மறுபடி வந்து வாசி.

இந்த மாதத்தோடு தபால்காரர் கடிதம் கொண்டுவர மாட்டாராம். வேறொரு கொம்பனி கடைகளில் எடுக்குமாம். அதைச் சாட்டாகச் சொல்லாதே. வருகிற ஞாயிறு, 21ஆம் திகதி, காலை ஒன்பது மணி.

உன் கடிதத்தில் ஒரு பிழைதான் இருந்தது. சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறேன். 'பிழையாக மொழிபெயர்த்தேன்' என்று எழுதியிருந்தாய். வெட்டிவிட்டு மேலே 'பொய் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறேன். அவனுக்கு வாசிக்கும்போது திருத்தியதை வாசி.

நான் வாசலில் நிற்க மாட்டேன். கதவு திறந்திருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வா.

தவமணி